அடுப்பில்லா உருண்டையும் 750 வாட் மிக்ஸியும்

வறுத்த வேர்க்கடலையையும் பொட்டுக்கடலையையும் எள்ளையும் பேரீச்சம்பழத்தையும் அரைத்துக் கலந்து, பாகு காய்ச்சாமல் கையால் பிடித்து வைக்கும் புரத உருண்டை, தேகப்பயிற்சி செய்யும் இளைஞர்க்கும், மாலை நான்கு மணிக்குக் காரியாலயத்தில் பசியெடுத்தால் சமோசாவை நாட விரும்பாத நடுவயதினர்க்கும் உற்ற பக்ஷணமாக டில்லியில் இன்று பிரசித்தி பெற்றுவிட்டது. அதன் சேர்மானத்தைப் பற்றிப் பேசுவோர் பலர். ஆனால் அந்தச் சேர்மானத்தை உருண்டையாக்குவதா, எண்ணெய் கக்கும் விழுதாக்குவதா என்று நிர்ணயிக்கும் யந்திரத்தைப் பற்றிப் பேசுவோர் அரியர். ஆகவே, ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலும் சட்னிக்கென்றே பிறந்ததாகக் கருதப்படும் சாதாரண மிக்ஸியை இந்த ஒரு காரியத்திற்காக மட்டும் பரீட்சித்துப் பார்த்து, அதன் குணங்களையும் குறைகளையும் இங்கே சொல்ல முற்படுகிறேன்.

நான் பரீட்சித்தது 750 வாட் சக்தியும் மூன்று ஜார்களும் கொண்டது. அதன் மோட்டார் நிமிஷத்திற்குப் பதினெண்ணாயிரம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடிய, கார்பன் பிரஷ் உள்ள வகை. பல கம்பெனிகளின் தயாரிப்புகளும் இந்த அமைப்பில் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், என்னிடமுள்ளதன் பெயரைச் சொல்வதில் வாசகர்க்குப் பிரயோஜனம் ஏதுமில்லை. எனினும் இந்த யந்திர ஜாதியின் பூர்வோத்தரத்தை ஒரு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும். அந்நிய நாட்டிலிருந்து வந்த மிக்ஸி நம்முடைய பருப்பையும் தேங்காயையும் அரைக்கும் பாரம் தாளாமல் எரிந்துபோனதைக் கண்டு, சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற எஞ்சினீயர், தம் மனைவி மாதுரியின் பொருட்டு நம் சமையலுக்கேற்ற மோட்டாரை அமைக்கத் துணிந்ததன் பயனாகவே 1963-ல் பம்பாயில் ‘சுமீத்’ தோன்றிற்று. 1978-ல் சென்னையில் ‘ப்ரீத்தி’ தொடங்கிற்று. டில்லியின் பழரசக் கடைகளில் ஓயாமல் ஓடும் 900 வாட் ‘சுஜாதா’வோ இந்நகரைச் சேர்ந்த மிட்டல் எலெக்ட்ரானிக்ஸின் தயாரிப்பு. உலர்ந்த பருப்பை மாவாக்கும் வல்லமை இந்த யந்திரத்துக்கு ஆதியிலிருந்தே அமைந்த சுபாவம் என்பதை இந்த வரலாறு காட்டுகிறது.

உருண்டையும் நமக்குப் புதிதன்று. பயறும் கடலைப் பருப்பும் அரிசியும் வறுத்து இடித்துச் சுக்கும் வெல்லப்பாகும் சேர்த்துப் பிடித்த பொருள்விளங்கா உருண்டையும், பொட்டுக்கடலை மாவில் நெய்யை உருக்கி ஊற்றிப் பிடித்த மாலாடும், இன்று ஆங்கிலப் பெயரிட்டுக் கண்ணாடித் தாளில் சுற்றி விற்பவர்களுக்கெல்லாம் முன்னோடிகள். பஞ்சாபியர் வீடுகளில் குளிர்காலத்தில் செய்யும் பின்னியும் கோந்து லட்டும் இதே குலத்தவையே.

சரக்கு வாங்குவதற்குப் பதேபுரி மசூதியை ஒட்டிய காரி பாவோலிக்குச் செல்வது உத்தமம். மிளகாய் நெடி தொண்டையைக் கமறச் செய்யும் அந்தக் குறுகிய தெருவில், மூட்டை சுமப்பவர்க்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று, பேரீச்சம்பழத்தில் பல தினுசுகளையும் கையில் எடுத்து அழுத்திப் பார்த்து வாங்கலாம். உருண்டைக்கு வேண்டியது மினுமினுப்பான உயர்ந்த ரகமன்று, விரலால் அழுத்தினால் குழிந்து அந்தக் குழி நிற்கின்ற மிருதுவான ரகம். டில்லியில் எங்கும் கிடைக்கும் வறுத்த கடலை பெரும்பாலும் தோலோடு இருப்பது. தோல் நீக்கிய நம்முடைய பொட்டுக்கடலைக்குக் கரோல் பாகிலோ ராமகிருஷ்ணபுரத்திலோ உள்ள தென்னிந்தியக் கடைகளை நாடுவது சௌகரியம். தோலோடு கூடியதை அரைத்தால் உருண்டை நாவில் நறநறவென்று தங்கும்.

இனி யந்திரத்தின் காரியத்துக்கு வருவோம். பொட்டுக்கடலையில் எண்ணெய் நூற்றுக்கு ஐந்தாறு பங்குதான். ஆதலால் அதை நடுத்தர ஜாரில் இட்டு, வேகத்தைப் படிப்படியாக உயர்த்தி, மாவாகும் வரையில் தயக்கமின்றி ஓட்டலாம். இந்தப் பகுதியில் மிக்ஸிக்கு நிகரான கருவியே இல்லை. ஆனால் வேர்க்கடலையின் எடையில் ஏறக்குறையப் பாதி எண்ணெய், எள்ளும் அப்படியே. பிளேடின் வெட்டு அந்த எண்ணெய் அடங்கியிருக்கும் நுண்ணறைகளை உடைக்க, உராய்வின் உஷ்ணம் அதை இளக்க, ஒரு கணத்தில் பொடியாக இருந்தது மறுகணத்தில் விழுதாகிவிடும். அந்தக் கணத்தைக் காதால் கண்டுகொள்ளலாம். முதலில் கடலை ஜாரின் சுவரில் மோதிச் சடசடவென்று இரையும். பிறகு இரைச்சல் ஒரே சீராக மெலியும். அதற்கடுத்து ஒலி திடீரென்று கம்மி, மோட்டார் மட்டும் வெறுமையாகச் சுற்றுவது போலக் கேட்கும். இந்த மூன்றாம் ஒலி எழுந்துவிட்டால் காரியம் மிஞ்சிவிட்டது என்று பொருள். மூடியைத் திறந்தால் மாவு பிளேடுக்கடியில் இறுக அப்பியிருப்பதையும், சுவரில் எண்ணெய்ப் பசை மின்னுவதையும் பார்க்கலாம். இரண்டாம் ஒலியிலேயே நிறுத்த வேண்டும்; அதை நிறைவேற்றித் தருவது, குமிழை இடப்பக்கம் திருப்பிப் பிடித்திருக்கும் வரையில் மட்டும் ஓடிக் கையை எடுத்ததும் நின்றுவிடுகிற பல்ஸ் ஏற்பாடு. முன்பே அரைத்த பொட்டுக்கடலை மாவில் ஒரு பிடியை வேர்க்கடலையோடு சேர்த்துவிட்டால், கசியும் எண்ணெயை அது உடனுக்குடன் உறிஞ்சிக்கொண்டு மேலும் சற்று அவகாசம் தருகிறது. எள்ளைச் சிறு ஜாரில் ஓரிரு சுற்றுக்கு மேல் விடலாகாது. பாதி முழுசாகவே நின்றால்தான் கடிக்கும்போது அதன் வாசனை எழும்.

விளம்பரங்கள் யாவும் வாட் கணக்கையே உரக்கச் சொல்லுகின்றன. இந்தக் காரியத்திலோ நான் கண்ட பிரத்தியட்சம் அதற்கு நேர் மாறானது. உருண்டைக்கு மிகுந்த சக்தி தேவையில்லை. சக்தியை வேண்டிய இடத்தில் அறுத்து நிறுத்தும் நயமே தேவை. பிளேடு ஜாரின் அடித்தளத்தை நெருங்கி அமைந்திருப்பதும், ஜார் கொள்ளளவில் சிறியதாயிருப்பதும், பல்ஸ் குமிழ் கையின் அசைவுக்கு உடனே பணிவதும் ஆகிய மூன்றும் ஒருங்கே வாய்த்த 500 வாட் யந்திரம், இவை வாய்க்காத 1000 வாட் யந்திரத்தைக் காட்டிலும் நல்ல உருண்டையைத் தரும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

பேரீச்சம்பழம்தான் இந்த யந்திரத்தின் பலவீனத்தை வெளிப்படுத்துகிற பரீட்சை. கொட்டை நீக்கிய பழத்தை அப்படியே ஜாரில் போட்டால், அது ஒரே கட்டியாகத் திரண்டு பிளேடைக் கவ்விக்கொள்ள, மோட்டார் முனகி, சூடேறிய வாடை எழுந்து, அடிப்புறத்தில் உள்ள ஓவர்லோடு காப்பு அதை அணைத்துவிடுகிறது; என்னிடமுள்ளதில் இவ்வாறு நேர்ந்தபோது சூடு தணியும் வரை காத்திருந்து, அடியிலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்திய பிறகே மீண்டும் ஓடிற்று. இதற்குப் பரிகாரம், பழத்தைக் கத்தியால் சிறு துண்டுகளாக அரிந்து, மாவில் புரட்டி, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, விட்டு விட்டு ஓட்டுவதே. அரியும்போதே ஒளிந்து நிற்கும் கொட்டையும் அகப்பட்டுவிடும். இல்லாவிடில் அது பிளேடின் முனையை மழுக்கிவிடும். தண்ணீரில் ஊறவைத்துப் போட்டால் யந்திரத்துக்குச் சுலபந்தான். ஆனால் அந்த ஈரம் உருண்டையை விரைவில் கெடுத்துவிடும்.

ஃபுட் ப்ராசஸர் எனப்படும் அகன்ற கிண்ணமுள்ள யந்திரம் பேரீச்சம்பழத்தை இதைவிட லகுவாகக் கையாளுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் பொட்டுக்கடலையை அது ரவையாக்குமேயன்றி மாவாக்காது. உயரமான பிளெண்டரோ திரவத்துக்கென்று அமைந்தது. உலர்ந்த மாவு அதன் மூலைகளில் ஒதுங்கி நிற்கும்.

புரதத்தின் கணக்கையும் நேர்மையாகப் பார்த்துவிடலாம். பொட்டுக்கடலை 200 கிராம், வேர்க்கடலை 100, எள் 50, பேரீச்சம்பழம் 150 என்று அரைக் கிலோ சேர்த்தால், முறையே ஏறக்குறைய 44, 25, 9, 3 கிராம் என்று மொத்தம் 81 கிராம் புரதம் சேருகிறது. இருபத்தைந்து கிராம் எடையில் இருபது உருண்டை பிடித்தால், ஒன்றுக்கு நான்கு கிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய போஷாக்கு நிறுவனமும் 2020-ல் வகுத்தபடி, 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 54 கிராமும், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 46 கிராம் அளவிலும் புரதம் வேண்டும். ஓர் உருண்டை அதில் எவ்வளவு சிறிய பாகம் என்பதை வாசகரே கண்டுகொள்ளலாம். ஆனால் விளம்பரங்களை ஒழுங்குபடுத்தும் 2018-ம் வருஷத்து விதிகள் ‘புரதம் நிறைந்தது’ என்று உறையில் அச்சிடுவதற்கு நூறு கிராம் பண்டத்தில் அன்றாடத் தேவையில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் போதும் என்கின்றன. நம் உருண்டை 16 கிராமோடு அந்த எல்லையை எளிதாகக் கடந்துவிடுகிறது. விதி நூறு கிராமை அளக்கிறது, மனிதர் தின்பதோ இருபத்தைந்து கிராம். கடையில் வாங்கும் உருண்டையின் உறையைப் படிக்கும்போது இந்த வித்தியாசத்தை மறவாதிருத்தல் அவசியம்.

அளவில் சிறிதானாலும் இதன் தன்மை உயர்ந்தது. பருப்பினங்களில் குறைவுபடும் மெதியோனின் என்ற அமினோ அமிலம் எள்ளில் மிகுதி. இரண்டும் கூடும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. மோர்ப்புரதப் பொடி சேர்த்துக் கணக்கை உயர்த்த விரும்புவோர், அதை மிக்ஸியில் இடாமல் கடைசியில் கையால் கலப்பதே நல்லது. ஜாரில் அது மூடிவரை புகைந்து எழுந்து, பேரீச்சம்பழத்தின் ஈரத்தில் கட்டி தட்டுகிறது. ஆனால் தேசிய போஷாக்கு நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு நெறிகள் இத்தகைய பொடிகளைத் தவிர்க்கும்படியே சொல்லுகின்றன. வைத்தியர் சொல்லாமல் அவற்றைச் சேர்க்க எனக்கு மனமில்லை.

டில்லியின் பருவங்கள் இந்த வேலையில் தலையிடுவதையும் சொல்ல வேண்டும். ஜனவரிக் காலையில் பேரீச்சம்பழம் கத்திக்கே மசியாது; மாடி வெயிலில் மூடிவைத்து, மதியத்திற்கு மேல் அரைத்தால் யந்திரம் அனாவசியமாகத் துன்புறாது. ஜூன் மாதத்திலோ கடலை ஜாருக்குள் போகும்போதே சூடாக இருப்பதால் விழுதாகும் கணம் வெகு சீக்கிரம் வந்துவிடுகிறது. ஆதலால் விடியற்காலையே தகுந்த வேளை. ஆனால் விடியற்காலையில் இந்த மோட்டார் எழுப்பும் பேரிரைச்சல், சுவரோடு சுவர் ஒட்டிய அடுக்கு வீடுகளில் உறங்கும் குழந்தைகளையும் முதியோரையும் எழுப்பிவிடும். அறுபது வருஷங்களாக இந்த யந்திரத்தில் எத்தனையோ அபிவிருத்திகள் நிகழ்ந்தும் இந்த ஒரு குறை பெரும்பாலும் அப்படியே நிற்பது வருந்தத்தக்கது.

வேலை முடிந்ததும் மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவ வேண்டும். அங்கே தங்கும் கடலை எண்ணெய் சில நாளில் சிக்கு வாடை பிடித்து, அடுத்த முறை அரைப்பதற்கும் அதை ஏற்றிவிடும். மின்சாரச் செலவோ பொருட்படுத்தத் தக்கதன்று. முழுச் சக்தியில் ஐந்து நிமிஷம் ஓடினாலும் ஒரு யூனிட்டில் பதினாறில் ஒரு பங்குதான். தேய்ந்துபோகும் கார்பன் பிரஷும், ஜாரை மோட்டாரோடு இணைக்கும் கப்ளரும் ரிப்பேர்க் கடைகளில் சொற்ப விலைக்குக் கிடைக்கின்றன.

ஆகவே, வீட்டில் ஓடும் நிலையில் மிக்ஸி இருப்பவர் உருண்டைக்கென்று புதிய யந்திரம் எதையும் வாங்க வேண்டியதில்லை. அதற்குப் பொருந்துகிற சிறு ஜார் ஒன்று தனியே கிடைத்தால் அதை வாங்கிக்கொள்வது போதும். புதிதாக வாங்குவோர் கடையிலேயே குமிழை இடப்பக்கம் திருப்பி, கையை எடுத்ததும் பிளேடு எவ்வளவு விரைவில் ஓய்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, அதன் பிறகு விலையைக் கேட்கலாம்.