திரையும் இளைஞர் உள்ளமும்

இளைஞர் நெறிதவறுவதற்குத் திரைப்படமே காரணம் என்னும் குற்றச்சாட்டு தமிழரிடையே நெடுநாளாக வழங்கி வருவதாகும். பெற்றோர் கூட்டங்களிலும் பள்ளி ஆண்டு விழாக்களிலும் இது கேட்கப்படாத ஆண்டில்லை. ஆயினும், காரணம் என்று சுட்டப்படுவது மெய்யாகவே காரணந்தானா, அன்றி அதற்கு முன்பே நேர்ந்துவிட்ட வேறொரு குறையின் விளைவா என்று நிறுத்தி ஆராய்ந்தோர் மிகச் சிலரே. மலேசியத் தமிழர் வாழ்வைப் பொருளாகக் கொண்டு ஏழு திங்கள் இடைவெளியில் வெளிவந்த இரு திரைப்படங்கள் இவ்வாராய்ச்சிக்கு நல்ல கருவிகளாக அமைந்துள்ளன. ஒன்று, மலேசியரான சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015 டிசம்பரில் வெளிவந்த ‘ஜகாட்’. மற்றொன்று, பா. ரஞ்சித் இயக்கத்தில் ரஜினிகாந்த் நடித்து 2016 ஜூலையில் வெளிவந்த ‘கபாலி’. இரண்டும் தோட்டத் தமிழரின் வழிவந்த இளைஞரையும் குண்டர் கூட்டத்தையும் பற்றிப் பேசுகின்றன; ஆனால், பேசும் முறையில் பெரிதும் வேறுபடுகின்றன.

அக்கால நிலை

திரைப்படம் இளைஞரை ஆட்கொள்வது இன்று நேற்று தோன்றியதன்று. 1952 இல் ‘பராசக்தி’யும் 1954 இல் ‘மனோகரா’வும் வெளிவந்தபின், அவற்றின் உரையாடலை மனப்பாடமாக ஒப்பிக்கும் இளைஞர் தோட்டந்தோறும் தோன்றினர். பால்மரக் காட்டில் ‘ஏய்’ என்றும் ‘டேய்’ என்றும் அழைக்கப்பட்டு வந்தவனுக்கு, நீதிமன்றத்தில் நிமிர்ந்து நின்று அடுக்குமொழியில் வழக்குரைக்கும் நாயகன் எத்துணைப் பெரிய காட்சியாக இருந்திருப்பான் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். திரை அவனுக்கு ஒரு குரலைத் தந்தது. அதனைக் கெடுதி என்று எவரும் கூறார்.

எனினும், அக்காலத்து இளைஞனுக்குத் திரை ஒன்றே துணையாக இருந்ததில்லை என்பதையும் உடன்வைத்து நோக்குதல் தகும். 1950-51 ஆம் ஆண்டுகளில் ‘தமிழ் நேசன்’ இதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு ஒன்றை நடத்தினர். அதில் சேர்ந்தோர் கதை எழுதி அனுப்பினர். அவை படிக்கப்பட்டுக் குறைநிறை கூறப்பட்டன. ‘தமிழ் முரசு’ இதழில் கோ. சாரங்கபாணி மாணவர்க்கென ஒதுக்கிய மாணவர் மணிமன்றப் பக்கம் எழுதப் பழகும் இளையோர் கைக்கே விடப்பட்டது போல் விளங்கியது. அதிலிருந்தே நாடெங்கும் மணிமன்றங்கள் கிளைத்தன. ஆகவே, கொட்டகையில் வாய்மூடிப் பார்த்திருந்த அதே இளைஞன் செய்தித்தாளில் தன் பெயரோடு எழுதுபவனாகவும் இருந்தான். அவன் திரையிற் கேட்ட சொல்லைத் தன் சொல்லாக மாற்றிக்கொள்வதற்கு ஓர் இடம் இருந்தது. இக்காலத்து நிலையை அளப்பதற்கு இதுவே தக்க அளவுகோலாகும்.

தோட்டம் கலைந்தபின்

1980களிலும் 1990களிலும் ரப்பர்த் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விற்கப்பட்டன. பல செம்பனைக் காடுகளாயின. லயங்களைவிட்டு வெளியேறிய குடும்பங்கள் நகரங்களின் ஓரத்தே புறம்போக்கு நிலங்களில் குடியேறின. தோட்ட வாழ்வில் வறுமையும் இழிவும் நிறைந்திருந்தன. அதனைப் பொற்காலம் என்று பாடுதல் பொய்யாகும். ஆனால், கோயில், பள்ளி, திடல், உறவுமுறை ஆகிய நான்கும் அங்கே ஒருசேர இருந்தன. ஒரு சிறுவனை ‘இன்னார் மகன், இன்னார் பேரன்’ என்று அறிவதற்கு ஓர் ஊர் இருந்தது. அந்த ஊர் ஒரு தலைமுறைக்குள் கலைந்துபோயிற்று.

2013 ஆம் ஆண்டில் மலேசிய உள்துறை அமைச்சு சட்டத்துக்குப் புறம்பான 49 கூட்டங்களின் பட்டியலை வெளியிட்டது. அவற்றுட் பல எண்களையே பெயராகக் கொண்டவை. ஊராரால் பெயர் சொல்லி அழைக்கப்படாத பிள்ளை ஓர் எண்ணைத் தன் பெயராக ஏற்றுக்கொள்ள முன்வருகின்றான் என்னும் உண்மை இங்கே புலனாகின்றது. இதன் வேரைக் காட்டுவதே ‘ஜகாட்’ படத்தின் பணியாகும்.

‘ஜகாட்’ காட்டும் சிறுவன்

படத்தின் பெயரே ஆராய்ச்சிக்குரியது. தீயவன் என்னும் பொருளுடைய மலாய்ச் சொல் தோட்டத் தமிழர் நாவில் திரிந்து ‘ஜகாட்’ ஆயிற்று. அடங்காத பிள்ளையை வைது அழைக்கும் சொல் அது. 1990களின் தொடக்கத்தில் நடப்பதாக அமைந்த இக்கதையின் நாயகன் அப்போய் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன். கற்பனையும் குறும்பும் மிக்கவன். ஆனால், வீடும் பள்ளியும் அவனிடம் எதிர்பார்ப்பது மனப்பாடத்தை. தந்தை மணியம் மகன் படித்து முன்னேற வேண்டும் என்னும் ஆவலினாலேயே கடுமை காட்டுகின்றார். சிற்றப்பன்மார் இருவருள் பாலா போதைப் பழக்கத்தால் சீரழிந்து மீண்டவர். மெக்சிக்கோ என்று அழைக்கப்படுபவர் குண்டர் கூட்டத்தைச் சேர்ந்தவர்.

ஒரு சிறுவன் முன்னே மூன்று ஆண்கள் நிற்கின்றனர். உழைத்துக் களைத்தவர் ஒருவர். விழுந்து எழுந்தவர் ஒருவர். பிறர் அஞ்சி ஒதுங்க நடப்பவர் ஒருவர். இம்மூவருள் எவருக்கு ஊரில் மதிப்பு இருக்கின்றது என்பதை அச்சிறுவன் யாரும் சொல்லாமலே கண்டுகொள்கின்றான். அவன் போகும் திசையைத் தீர்மானிப்பது இந்தக் கணக்கே. இயக்குநர் இதனை அறிவுரையாகச் சொல்லவில்லை. சிறுவனின் கண்ணோட்டத்தைப் பின்பற்றிச் செல்வதாலேயே பார்ப்போர் தாமே அறியுமாறு செய்துள்ளார். இப்படத்தின் முதற்சிறப்பு இது.

இரண்டாவது சிறப்பு அதன் மொழி. பசார், ரோத்தான், தவுக்கே என மலாயும் சீனமும் கலந்து வழங்கும் பேச்சுத் தமிழ், மலேசியத் தமிழன் வாயில் எப்படி ஒலிக்குமோ அப்படியே திரையில் ஒலிக்கின்றது. சென்னைப் பேச்சே திரைத்தமிழ் என்று பழகிய காதுகளுக்கு இது புதுமையாக இருந்திருக்கும். தன் வீட்டுப் பேச்சைப் பெரிய திரையில் முதன்முறையாகக் கேட்கும் இளைஞன், தன் வாழ்வும் கதையாகத் தகுந்தது என்று உணர்கின்றான். 2016 இல் மலேசியத் திரைப்பட விழாவில் இப்படம் சிறந்த மலேசியப் படத்துக்கான விருதைப் பெற்றது. தமிழ்ப்படம் ஒன்று நாட்டின் படமாக ஏற்கப்பட்ட அந்நிகழ்ச்சியும் அவ்வுணர்வுக்கு வலுவூட்டியது.

குறையும் இல்லாமலில்லை. கதையின் சுமை முழுவதும் ஆண்கள்மேலேயே நிற்கின்றது. தோட்டத்திலும் தோட்டம் கலைந்தபின்னும் குடும்பத்தைத் தாங்கிய பெண்களின் உள்ளம் இப்படத்தில் போதிய ஒளி பெறவில்லை. ஆயினும், இளைஞர் சீர்கேட்டுக்குத் திரையே காரணம் என்போர்க்கு இப்படம் தரும் விடை அழுத்தமானது. அச்சிறுவனை ‘ஜகாட்’ என்று முதலில் அழைப்பது எந்தத் திரைப்படமும் அன்று. அவனைச் சூழ்ந்துள்ள பெரியோர் வாயே அப்பெயரைச் சூட்டுகின்றது. அவன் பின்னர் அப்பெயருக்கு ஏற்ப நடக்கத் தலைப்படுகின்றான்.

‘கபாலி’ தந்த தோற்றம்

‘கபாலி’ இதற்கு நேர்மாறான வழியிற் செல்கின்றது. இருபத்தைந்து ஆண்டுச் சிறைவாழ்வுக்குப்பின் வெளிவரும் கபாலீசுவரன், தோட்டத் தொழிலாளர் உரிமைக்காகக் குரல்கொடுத்துப் பின்னர்க் குண்டர் தலைவனானவன். ‘43’ என்னும் எண்ணைப் பெயராகக் கொண்ட கூட்டம் அவனுக்குப் பகை. கெட்டழிந்த இளைஞரைத் திருத்தும் பள்ளியொன்றும் அவன் பெயரால் நடைபெறுகின்றது. மலேசியத் தமிழரின் உழைப்பு வரலாற்றை உலகெங்குமுள்ள தமிழர் முன்னிலையில் வைத்தது என்னும் பெருமை இப்படத்துக்கு உண்டு. தன் பாட்டன் பட்ட துயரைத் தமிழ்த்திரையின் உச்சநடிகர் பேசக் கேட்ட இளைஞன் நெஞ்சு நிமிர்ந்தது இயல்பே.

ஆனால், இளைஞர் இப்படத்திலிருந்து எடுத்துக்கொண்டவை எவை? கோட்டு, நரைத்த தாடி, கால்மேல் கால்போட்டு அமரும் முறை, ‘மகிழ்ச்சி’ என்னும் ஒரு சொல். அச்சொல் சில வாரங்களில் சிறுவர் முதல் பெரியோர் வரை எல்லார் நாவிலும் குடியேறியது. ஆண்டுக்கணக்கில் தமிழாசிரியர் கற்பித்தும் பேச்சில் வழங்காத தூய தமிழ்ச்சொற்கள் எத்தனையோ இருக்க, இது ஒன்று இவ்வளவு விரைவில் பரவியதை எண்ணி ஆசிரியர் மகிழலாம். சற்று நாணவும் செய்யலாம்.

எடுத்துக்கொள்ளாமல் விட்டது ஒன்று உண்டு. கதையின் தொடக்கத்தில் சிறையில் கபாலியின் கையில் ஒரு நூல் இருக்கின்றது. அது ஒய். பி. சத்தியநாராயணா எழுதிய ‘மை ஃபாதர் பாலையா’. தெலங்கானாவைச் சேர்ந்த ஓர் ஒடுக்கப்பட்ட குடும்பம் மூன்று தலைமுறைகளில் கல்வியால் உயர்ந்த வரலாற்றைக் கூறுவது. உடையிலும் உரிமை அடங்கியிருக்கின்றது என்பதைக் காந்தியடிகளையும் அம்பேத்கரையும் சுட்டிக் கபாலி எடுத்துரைக்கும் இடமும் உண்டு. இயக்குநரின் உட்கருத்து இவ்விரண்டிலும் தெளிவாகவே இருக்கின்றது. கோட்டு கடைத்தெருவில் விலைக்குக் கிடைத்தது. நூலோ கண்ணிற்படாமலே போயிற்று. இதற்கு இளைஞரை நோவதிற் பயனில்லை. பாட்டிலும் கதையிலும் உட்பொருள் காணக் கற்பித்த பள்ளி, காட்சியில் உட்பொருள் காணக் கற்பிக்கவில்லை.

படைப்பின் பிழையும் இதனுடன் சேர்ந்துகொண்டது. நாயகனின் நடையும் துப்பாக்கியும் எழுப்பும் ஆரவாரத்தில் அவன் நடத்தும் பள்ளியின் குரல் அமுங்கிப்போகின்றது. முடிவு இதனினும் நுட்பமாக ஆராயத்தக்கது. தமிழகத்திற் காட்டப்பட்ட படியில், கபாலியின் பள்ளியிற் பயின்ற இளைஞனே காவலரின் ஏவலால் அவனை நெருங்குகின்றான், திரை இருள்கின்றது, வெடியோசை கேட்கின்றது. வன்முறையின் நிழலில் வளர்க்கப்பட்ட பிள்ளை யார்பக்கம் நிற்பான் என்னும் கடுமையான கேள்வி அங்கே எழுப்பப்படுகின்றது. மலேசியாவில் காட்டப்பட்ட படியிலோ, கபாலி காவல்துறையிடம் சரணடைந்தான் என்னும் அறிவிப்போடு கதை முடிக்கப்பட்டது. சட்டத்தை மதிக்கும் பாடம் புகட்டுவது நல்ல நோக்கமே. ஆனால், எந்த நாட்டு இளைஞரை நோக்கி அக்கேள்வி எழுப்பப்பட்டதோ, அந்நாட்டு இளைஞர்க்கு ஓர் ஆயத்த விடை கொடுக்கப்பட்டது. எண்ணிப் பார்க்கும் உழைப்பு அவர்களுக்கு மிச்சமாயிற்று. அதனால் வரும் பயனும் இல்லாமற் போயிற்று.

இரவலும் உரிமையும்

பிறரிடமிருந்து பெற்ற வடிவம் எப்போதும் அடிமைத்தனத்தில்தான் கொண்டுவிடும் என்பதுமில்லை. 2006 இல் யோகி பி, நட்சத்திரா குழுவினர் வெளியிட்ட ‘வல்லவன்’ இசைத்தொகுப்பு இதற்குச் சான்று. அமெரிக்கக் கறுப்பின இளைஞரிடையே தோன்றிய சொல்லிசை வடிவத்தை எடுத்து, 1980 இல் வந்த ‘நிழல்கள்’ படத்தில் இளையராஜா அமைத்த மெட்டொன்றின்மேல் தம் தமிழ்ச் சொற்களைப் பொருத்தி, மலேசிய இளைஞர் ஒரு பாட்டைப் படைத்தனர். அது தமிழகத்துக்கும் சென்று அங்குள்ள இளைஞர் நாவிலும் ஒலித்தது. தமிழகத்திலிருந்து பாட்டை வாங்கியே பழகிய நாடு தமிழகத்துக்குப் பாட்டனுப்பியது. அப்பாட்டின் தமிழ் இலக்கணப் புலவர்க்கு உவப்பாக இல்லாதிருக்கலாம். எனினும், கேட்பவனாக இருந்த இளைஞன் இங்கே சொல்பவனாகின்றான். மணிமன்றப் பக்கத்தில் எழுதிய மாணவனுக்கு இவன் ஒருவகையில் இளவலே ஆவான்.

ஆசிரியர் கடன்

இன்று திரை கொட்டகையில் மட்டும் இல்லை. கைப்பேசியாக இளைஞர் சட்டைப்பையில் இருக்கின்றது. தடைசெய்து காப்பது இனி இயலாத செயல். 1924 இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019 இல் நின்றுபோனதும், மாணவர் எழுதுதற்குரிய பழைய இடங்கள் சுருங்கிவருவதைக் காட்டுகின்றது. இந்நிலையில் பள்ளியே அவ்விடத்தை அமைத்துத் தரல் வேண்டும்.

மலேசியாவின் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளிலும், சிங்கப்பூர்ப் பள்ளிகளின் தமிழ் வகுப்புகளிலும் மூன்று செயல்கள் பெரும்பொருட் செலவின்றியே நடைபெறக் கூடும். முதலாவது, மாணவர் வயதுக்கேற்ற ஒரு படத்தின் காட்சியை வகுப்பில் வைத்து, ‘நாயகன் கையில் என்ன இருந்தது? பின்னால் நின்றவர் யார்? பேசாமல் இருந்தவர் யார்?’ என்று வினவுதல். செய்யுட்குப் பொருள்காணும் அதே பயிற்சி இங்கும் உதவும். இரண்டாவது, வீட்டிலுள்ள பாட்டியரிடமும் பாட்டன்மாரிடமும் தோட்டத்துக் கதைகளைக் கேட்டு மாணவர் எழுதிவரச் செய்தல். தன் குடும்ப வரலாற்றைத் தானே எழுதியவனுக்கு நடிகர் வந்து அதனைப் பேசித்தான் பெருமை வரவேண்டும் என்பதில்லை. மூன்றாவது, மாணவன் கட்டுரையை மனப்பாடக் கட்டுரையோடு ஒப்பிட்டுக் குறைக்கும் வழக்கத்தை விடுதல். அப்போய் போன்ற பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவனேனும் இருக்கின்றான். அவன் எழுதும் பிழை மலிந்த கட்டுரையில் எவரும் சொல்லாத ஒரு வரி இருக்குமாயின், அவ்வரியை வகுப்பினர் முன் உரக்கப் படித்துக் காட்டுதல் வேண்டும்.

திரையின் கவர்ச்சியைத் தடுத்துநிறுத்த எந்த ஆசிரியராலும் இயலாது. ஆனால், திரையில் வரும் முகங்களைக் காண்பதற்கு முன்பே தன் பெயர் இன்னது, அதனை மதிப்போர் இன்னார் என்று ஒரு பிள்ளை அறியுமாறு செய்தல் அவரால் இயலும். ‘ஜகாட்’ என்னும் வசைச்சொல் வகுப்பறையில் ஒலிக்கும் நாள்வரையில், இளைஞர் சீர்கேட்டுக்குத் திரைப்படத்தின்மேல் பழிசுமத்தும் உரிமை பெரியோர்க்கு இல்லை.