அணைந்த உலகங்களின் மீட்டுருவாக்கம்: இணையப் பாத்திர விளையாட்டுகளும் லினக்ஸ் தனியார் வழங்கிகளும் - ஒரு பாடத் திறனாய்வு

முன்னுரை

எழுத்தாலமைந்த பனுவல், படைத்தவர் மறைந்த பின்னரும் படிப்பவர் கையில் நிலைத்திருக்கும் இயல்புடையது. இணையத்தில் பலர் ஒருசேரப் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளுக்கு இந்நிலை வாய்ப்பதில்லை. அவற்றின் பனுவல் இரு கூறாகப் பிரிந்து கிடக்கின்றது. ஒரு கூறு ஆடுவோரின் கணினியிலும் மறு கூறு நிறுவனத்தின் வழங்கியிலும் உள்ளன. வழங்கி அணைக்கப்படும்பொழுது ஆடுவோரிடம் எஞ்சுவது பேச்சற்ற நிலக்காட்சி மட்டுமே. அவ்வாறு அணைந்தவற்றையும் உருமாறிப் போனவற்றையும் ஆர்வலர்கள் தம் முயற்சியால் மீண்டும் இயங்கச் செய்தவையே தனியார் வழங்கிகள் எனப்படுகின்றன. இவை உரிமைத் திருட்டு என ஒரு சாராராலும் பண்பாட்டுப் பாதுகாப்பு என மற்றொரு சாராராலும் மதிப்பிடப்படுகின்றன. இவ்விரு மதிப்பீடுகளும் அவற்றைப் பனுவலாகக் கொண்டு நோக்கவில்லை. தனியார் வழங்கிகளைப் பதிப்புகளாகக் கருதி அவற்றின் தகுதியையும் குறையையும் ஆராய இக்கட்டுரை முற்படுகிறது. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' முதன்மைச் சான்றாகக் கொள்ளப்பெறுகிறது.

சொல் இருக்கும் இடம்

இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978ஆம் ஆண்டு ராய் ட்ரப்ஷா தொடங்கி ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்த 'மட்' என்னும் விளையாட்டு முழுவதும் சொற்களால் ஆனது. 1997இல் 'அல்டிமா ஆன்லைன்', 1999இல் 'எவர்குவெஸ்ட்', 2004 நவம்பரில் பிளிசார்டு நிறுவனத்தின் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என இவ்வகை வளர்ந்தபொழுது காட்சி பெருகியது. ஆயினும் சொல் மறைந்துவிடவில்லை.

அச்சொல் எங்கே வைக்கப்பட்டிருந்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. நிலம், உருவம், இசை ஆகியன ஆடுவோர் வாங்கிய வட்டில் இருந்தன. கதைமாந்தரின் பெயர், அவர் தரும் பணியின் வாசகம், அவர் நிற்கும் இடம், வீழ்ந்த பகை மீண்டும் தோன்றும் கால அளவு, அதனிடமிருந்து பொருள் கிடைக்கும் வாய்ப்பின் விகிதம் ஆகியன வழங்கியில் இருந்தன. ஆடுபவர் ஒரு கதைமாந்தரை எதிர்ப்படும்பொழுது அவருக்குரிய சொற்கள் வழங்கியிலிருந்து வந்தன. வந்தவற்றின் படி ஒன்று ஆடுபவரின் கணினியில் தற்காலிகச் சேமிப்புக் கோப்பில் தங்கியது. இலக்கிய மாணவர் தேடும் பகுதி நிறுவனத்தின் கையிலும் அதன் சிதறிய படிகள் பல்லாயிரவர் கணினிகளிலும் இருந்தன என்பது இதனால் பெறப்படுகிறது.

லினக்ஸும் பதிப்பு முறையும்

2005இல் தோன்றிய 'மாங்கோஸ்' என்னும் திட்டமும் அதிலிருந்து 2008இல் கிளைத்த 'ட்ரினிட்டிகோர்' திட்டமும் அச்சிதறிய படிகளைத் தொகுத்தன. சி++ மொழியில் அமைந்த நிரலும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளமும் இவற்றின் இரு தூண்கள். ஆடுவோரை அடையாளம் காண ஒரு நிரல், உலகை இயக்க மற்றொரு நிரல் என இவை செயற்படுகின்றன. லினக்ஸ் இயங்குதளத்தில் மூலநிரலை இறக்கித் தாமே தொகுத்து இயக்குதல் எளிதாகையால், உரிமக் கட்டணம் ஏதுமின்றித் தனி ஒருவரும் ஓர் உலகை நடத்த முடிந்தது.

ஆடுவோர் பக்கத்திலும் இதற்கு இணையான நிலை காணப்படுகிறது. பிளிசார்டு நிறுவனம் இவ்விளையாட்டை லினக்ஸுக்கென வெளியிட்டதில்லை. விண்டோஸ் நிரலின் அழைப்புகளை லினக்ஸ் புரிந்துகொள்ளுமாறு மாற்றித்தரும் 'வைன்' மென்பொருள் 1993இல் தொடங்கப்பெற்று 2008இல் தன் முதல் நிறைபதிப்பை எட்டியது. அதன் துணையுடன், ஓபன்ஜிஎல் வரைகலையைத் தேர்ந்து, லினக்ஸ் பயனர் இவ்விளையாட்டை ஆடினர். வழங்கியின் முகவரி தாங்கிய சிறு உரைக்கோப்பில் ஒரு வரியை மாற்றினால் அதே வட்டு நிறுவனத்தின் உலகை விடுத்துத் தனியார் உலகிற்குள் நுழைந்துவிடும்.

மீட்பு முறை பலவகைப்பட்டது. சேமிப்புக் கோப்புகளில் தங்கிய சொற்கள் திரட்டப்பட்டன. வழங்கிக்கும் கணினிக்கும் இடையே செல்லும் தரவுப் பொதிகள் கண்காணிக்கப்பட்டன. நிலவரைவுகள் ஆடுபவரின் வட்டிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டன. நேரே காண இயலாத விகிதங்கள் பலமுறை ஆடிக் கண்டு ஊகித்து நிரப்பப்பட்டன. சுவடியில் சிதைந்த இடத்தைப் பிற படிகள் கொண்டு நிரப்பும் பதிப்பாசிரியர் பணியோடு இஃது ஒப்புநோக்கத்தக்கது. எனினும் வேறுபாடு ஒன்றுண்டு. சுவடி செல்லுக்கும் நெருப்புக்கும் இரையாவது. வழங்கியோ ஒரு முடிவினால் அணைக்கப்படுவது.

மாங்கோஸ் கட்டற்ற பொது உரிமத்தின் கீழ் வெளியானதால், எந்த எண் எப்பொழுது யாரால் எதற்காக மாற்றப்பட்டது என்பது பதிவேட்டில் நின்றது. பாடவேறுபாட்டுக் குறிப்பின் பணியை இப்பதிவேடு செய்கிறது. தனியார் வழங்கிகளின் முதன்மையான ஆய்வுப் பயன் இதுவே எனலாம்.

மூலபாடச் சிக்கல்

பல திருத்தங்களுக்கு உட்பட்ட உலகில் எது மூலபாடம்? பழைய வார்கிராஃப்டை மீட்டோர் பெரும்பாலும் 2006இல் வெளியான 1.12 என்னும் திருத்தத்தையே அடிப்படையாகக் கொண்டனர். இது முதல் விரிவாக்கத்திற்கு முந்தைய கட்டத்தின் நிறைவான வடிவம். 2015இல் தொடங்கிய 'நாஸ்டால்ரியஸ்' வழங்கி இதன்மேல் பழைய களங்களைப் படிப்படியாகத் திறந்தது. பிளிசார்டு நிறுவனமே 2019 ஆகஸ்டில் வெளியிட்ட 'கிளாசிக்' பதிப்பும் இம்முறையையே பின்பற்றியது.

இதனால் விளைந்தது வரலாற்றில் என்றும் இருந்திராத ஒரு கலப்புப் பாடம். 2006இன் வலுப்பெற்ற திறன்களுடன் 2004இன் பகைவரை எதிர்கொள்ளும் நிலை உருவாயிற்று. பல மணி நேரம் நீண்ட ஆல்டெராக் பள்ளத்தாக்குப் போர் சுருங்கிய பிற்கால வடிவிலேயே கிளாசிக்கில் இடம்பெற்றது. இதனினும் முதன்மையான சான்று 2005 செப்டம்பரில் நிகழ்ந்த 'கரப்டட் பிளட்' தொற்று. ஒரு தனிக்களத்திற்குள் அடங்க வேண்டிய நோய் நிரற்பிழையால் நகரங்களுக்குப் பரவிப் பல பாத்திரங்களை வீழ்த்தியது; நோய்ப்பரவல் அறிஞரும் அதனை ஆராய்ந்தனர். அப்பிழை விரைவில் நீக்கப்பட்டதால் 1.12 பாடத்தில் அந்நிகழ்வு தோன்றவே இயலாது. அவ்வுலகின் புகழ்பெற்ற நிகழ்ச்சியைப் பிறப்பிக்க இயலாத ஒன்று அவ்வுலகின் செம்பதிப்பாகக் கொள்ளப்படுகிறது.

நினைவும் இங்கு நம்பத்தக்க சான்றன்று. 2019இல் கிளாசிக் சோதனையின்போது ஆடுவோர் பிழையெனச் சுட்டிய பலவற்றைப் 'பிழையல்ல' என்று நிறுவனம் பட்டியலிட வேண்டியதாயிற்று. டாரன் இனத்தவரின் தாக்குதல் எல்லை சற்றே நீண்டிருப்பது அவற்றுள் ஒன்று. நினைவை மட்டும் கொண்டு பதிப்பித்தல் எத்துணை இடர்ப்பாடுடையது என்பதை இஃது உணர்த்தும்.

வடிவமும் காலமும்

தனியார் வழங்கிகள் அனைத்தும் பாதுகாப்பு நோக்கின என்று கூறுதல் பொருந்தாது. வழங்கியின் அமைப்புக் கோப்பில் பட்டறிவுப் புள்ளியின் வேகத்தைக் குறிக்கும் எண் ஒன்றுண்டு. அதனை ஒன்றிலிருந்து பத்தாக்கினால் உலகம் அப்படியே இருக்க, காவியம் துணுக்காகிவிடும். நெடுவழி நடத்தல், துணைக்குக் காத்திருத்தல், வழியில் அறிமுகமாதல் ஆகியன இவ்விலக்கிய வகையின் வடிவக் கூறுகள். வேகத்தை மாற்றுவோர் அதன் யாப்பையே மாற்றுகின்றனர். படைக்கலங்களைக் காசுக்கு விற்கும் வழங்கிகளில் இச்சிதைவு மேலும் மிகுகிறது. அத்தகைய ஒரு வழங்கியின் மீதான வழக்கில் 2010இல் அமெரிக்க நீதிமன்றம் சுமார் 88 மில்லியன் டாலர் இழப்பீடு விதித்தது. பதிப்பும் கடையும் ஒன்றல்ல என்னும் வேறுபாட்டைத் திறனாய்வு பேண வேண்டும்.

உரிமைச் சிக்கல்

'டயாப்லோ' முதலிய விளையாட்டுகளுக்கு மாற்று வழங்கியாக எழுதப்பட்ட 'பிநெட்டி' என்னும் திறந்த மூல நிரல் தொடர்பான வழக்கில், 2005இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்திற்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. பணம் பெறாத நாஸ்டால்ரியஸ் வழங்கியும் சட்ட அறிவிப்பைத் தொடர்ந்து 2016 ஏப்ரலில் மூடப்பட்டது. தன்னிடம் 8 இலட்சம் கணக்குகள் பதிவானதாக அவ்வழங்கி அறிவித்திருந்தது. மூன்றாண்டு கழித்து நிறுவனமே கிளாசிக்கை வெளியிட்டமை, தடைசெய்யப்பட்ட பதிப்பே வாசகர் இருப்பை மெய்ப்பித்தது என்பதைக் காட்டுகிறது.

2018இல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் பரிந்துரையால் நூலகங்களும் அருங்காட்சியகங்களும் கைவிடப்பட்ட இணைய விளையாட்டுகளைத் தம் வளாகத்திற்குள் இயக்க விலக்கு வழங்கப்பெற்றது. ஆயினும் வழங்கி நிரல் முறைப்படி பெறப்பட்டதாக இருத்தல் வேண்டும். ஊகித்து மீட்ட பாடங்கள் இதனால் வெளியே நிறுத்தப்பட்டன.

மாற்று வழியும் உண்டு. 2012 நவம்பர் 30 அன்று மூடப்பட்ட 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' மறைவாக இயங்கி வந்தமை 2019இல் வெளிப்பட்டது. அதிலிருந்து எழுந்த 'ஹோம்கமிங்' வழங்கிக்கு உரிமையாளரான என்சிசாஃப்ட் நிறுவனம் 2024 ஜனவரியில் உரிமம் அளித்தது. உரிமையாளரும் பதிப்பாளரும் உடன்படுதல் இயலாத ஒன்றன்று என்பதற்கு இது சான்றாகிறது.

முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

1. இவ்விளையாட்டுகளின் சொற்பாடம் வழங்கியைச் சார்ந்தது. வழங்கியை அணைத்தல் பனுவலை அழித்தலுக்கு ஒப்பாகும்.

2. லினக்ஸும் வைனும் திறந்த மூல வழங்கிகளும் இணைந்து, மாற்றங்களைப் பதிவு செய்யும் வெளிப்படையான பதிப்பு முறையை உருவாக்கின. நிறுவனப் பதிப்பில் இவ்வெளிப்படைத்தன்மை இல்லை.

3. 1.12 முதலிய அடிப்படைப் பாடங்கள் கலப்புப் பாடங்களே. இவற்றை ஆராய்வோர் எத்திருத்தம், எவ்வழங்கி, எவ்வேகம் என்பவற்றைக் குறிப்பிடாது முடிவு கூறுதல் தகாது.

4. நிரலை மீட்கலாம், அதனுள் அன்று கூடியிருந்தோரின் உரையாடலை மீட்க இயலாது. பதிப்பு தருவது அரங்கை மட்டுமே. அன்றைய ஆட்டத்தைப் பற்றிய சான்றுகளை, ஆடியோர் உயிருடன் இருக்கும் காலத்திலேயே திரட்டுதல் ஆய்வாளர் கடமையாகும். வழங்கியின் சுடரை மீண்டும் ஏற்றலாம். ஆடியோரின் சொல் ஒருமுறை மறைந்தால் அதற்குப் பிறிதொரு படி இல்லை.