காட்ஸில்லாவின் எடை

ஒரு காட்ஸில்லா படம் தேறுமா தேறாதா என்று பார்க்க நான் கதைக்குப் போவதில்லை. அந்த ராட்சத மிருகம் காலைத் தூக்கி ஊன்றும்போது எடை தெரிகிறதா என்று பார்ப்பேன். எழுபது ஆண்டுகளாக ஜப்பானின் தோஹோ பட நிறுவனம் விற்றுவரும் சரக்கு இது. ஜப்பானில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட படங்கள், ஹாலிவுட்டுக்கு உரிமம், கார்ட்டூன், பொம்மை, சட்டை, சாவிக்கொத்து. இவ்வளவு விற்ற பிறகும் இதில் கலை மிச்சமிருக்குமா என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது அந்தக் காலடியைத்தான்.

முதல் படமும் வியாபாரக் கணக்கில் பிறந்ததே. இந்தோனேசியாவில் எடுக்கவிருந்த ஒரு படம் கைநழுவிப் போனதும், அந்த இடத்தை நிரப்பத் தயாரிப்பாளர் தோமோயுகி தனாகாவுக்கு அவசரமாக இன்னொரு படம் தேவைப்பட்டது. 1954 மார்ச்சில் பிகினித் தீவில் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் சாம்பல், ஜப்பானிய மீன்பிடிப் படகு ஒன்றின் மேல் விழுந்திருந்தது. நாடே கொதித்துக்கொண்டிருந்தது. அப்படியொரு குண்டுச் சோதனை எழுப்பிவிட்ட மிருகத்தைக் காட்டி, அந்த நவம்பரிலேயே இயக்குநர் இஷிரோ ஹோண்டாவின் படம் வந்துவிட்டது.

தந்திரக்காட்சிகளுக்குப் பொறுப்பேற்ற எய்ஜி சுபுராயா, 1933இன் 'கிங் காங்'கைப் பார்த்து மயங்கியவர். அதைப்போல் பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படமெடுக்கத்தான் அவருக்கும் ஆசை. அதற்கு அவகாசமும் இல்லை, பணமும் இல்லை. ஆகவே ஒரு மனிதனுக்கு உடுப்பு மாட்டினார்கள். முதல் உடுப்பு ஏறக்குறைய 100 கிலோ. அதற்குள் புகுந்த ஹருவோ நகாஜிமா, மிருகக்காட்சி சாலைக்குப் போய் யானையும் கரடியும் நடப்பதைப் பார்த்துப் பழகினார். கேமராவை வேகமாக ஓட்டிப் படம்பிடித்துத் திரையில் இயல்பான வேகத்தில் காட்டியதால், இடிந்து விழும் குட்டிக் கட்டடங்களுக்கும் கனம் வந்தது. தோலைப் பாருங்கள், பல்லியின் செதில் இல்லை. வெந்து ஆறிய தழும்பு. அந்த உறுமல், இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபேயின் யோசனையில், பிசின் தடவிய தோல் கையுறையால் டபுள் பேஸ் தந்தியை இழுத்து எடுத்தது. கேமராவும் பெரும்பாலும் நம் உயரத்திலேயே நின்று அண்ணாந்து பார்க்கிறது. படத்தில் வரும் ஓடோ தீவில் குன்றுக்குப் பின்னாலிருந்து தலை மட்டும் எட்டிப் பார்க்கும் காட்சியில் தந்திரம் தெரியத்தான் செய்கிறது. ஆனாலும் வயிறு சற்றுக் கலங்குகிறது.

அந்தப் படத்துக்கு ஜப்பானில் விற்ற டிக்கெட் சுமார் 96 லட்சம். பிறகென்ன, தோஹோ விடுமா? அறுபதுகளின் நடுவிலிருந்து ஏறக்குறைய ஆண்டுக்கொரு படம். குழந்தைகளுக்காகக் காட்ஸில்லா நல்லவனாயிற்று, மல்யுத்தம் போட்டது, குதித்துக் கும்மாளமிட்டது. கேமரா எழும்பி அதன் முகத்துக்கு நேராகப் போய் நின்றுகொண்டது. அதன் கண்மட்டத்திலிருந்து பார்த்தால் எந்த மிருகமும் உடுப்பு போட்ட ஆள்தான். 1969இல் வந்த படத்தில் சண்டைகளில் பெரும்பாலானவை பழைய படங்களிலிருந்து வெட்டி ஒட்டியவை. இருந்தும் அதை என்னால் முழுதாகத் தள்ள முடியவில்லை. கவாசாகியின் ஆலைப்புகைக்கு நடுவே, பெற்றோர் வேலைக்குப் போன வீட்டில் தனியாக இருக்கும் சிறுவனை ஹோண்டா அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறார். 1971இல் யோஷிமிட்சு பன்னோ, தொழிற்சாலைக் கழிவிலிருந்து எழும் ஹெடோரா என்ற மிருகத்தை வைத்துச் சுற்றுச்சூழல் கெடுவதைப் பற்றி விசித்திரமான ஒரு படம் எடுத்தார். அதில் காட்ஸில்லா பறக்கவும் செய்கிறது! தனாகாவுக்குப் பிடிக்கவில்லை, பன்னோ அதற்குப் பின் ஒரு காட்ஸில்லா படத்தையும் இயக்கவில்லை. 1975இல் டிக்கெட் விற்பனை 10 லட்சத்துக்கும் கீழே போனதும் கடையை மூடினார்கள்.

1984இல் திரும்பத் திறந்து, இடையில் சிறு ஓய்வோடு 2004 வரை ஓட்டினார்கள். அவற்றில் பயோலாண்டே என்ற மிருகம் வரும் 1989 படத்தைத் தாண்டி எனக்குப் பெரிதாக எதுவும் சொல்வதற்கில்லை. பிறகு ஜப்பானில் 12 ஆண்டு இடைவெளி. நிலத்தைத் தரிசு போட்டதுபோல் அது நன்மையே செய்தது.

2016இல் ஹிதெயாகி அன்னோவும் ஷின்ஜி ஹிகுச்சியும் எடுத்த 'ஷின் காட்ஸில்லா'வில் வருவது முழுக்கக் கணினியில் உருவான மிருகம். அதற்கு உடலசைவு தந்தவர் மன்சாய் நோமுரா, கியோகென் மரபு நாடகக் கலைஞர். பாதம் தரையை விட்டு அதிகம் எழாமல், மேலுடல் அசையாமல் நடக்கும் நடை அந்த மரபுடையது. நகாஜிமா யானையிடம் கற்றதை இவர்கள் மேடையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். மற்றபடி படம் முழுக்க அதிகாரிகளின் கூட்டம், கூட்டத்துக்கு ஏற்பாடு செய்ய இன்னொரு கூட்டம். 2011 சுனாமியும் ஃபுகுஷிமா அணு உலை விபத்தும் பார்த்த மக்களுக்கு அது வேடிக்கையாகவும் வேதனையாகவும் இருந்திருக்கும்.

2023இன் 'காட்ஸில்லா மைனஸ் ஒன்'னை இயக்கிய தகாஷி யமஸாகியே கணினிக் காட்சிகளையும் மேற்பார்வையிட்டார். 35 கலைஞர்கள், 610 ஷாட்டுகள், செலவு 1.5 கோடி டாலருக்கும் குறைவு. காந்தக் கண்ணிவெடிகளை அகற்றப் போகும் ஒரு மரப்படகு. பின்னால் நீரைக் கிழித்துக்கொண்டு துரத்தி வரும் தலை. முழு உடலைக் காட்டாமலே எடையைக் காட்டிவிடுகிறார். அந்தத் தண்ணீர் ஒதுங்கும் விதமே போதும். டோக்கியோவின் கின்ஸாவில் காட்ஸில்லா நெருப்பைக் கக்கிய பின் காற்று முதலில் வெளியே தள்ளி, பிறகு உள்ளே இழுக்கிறது. அதற்கப்புறம் கறுப்பு மழை. 2024இல் சிறந்த விஷுவல் எஃபெக்ட்ஸுக்கான ஆஸ்கர் கிடைத்தது. மேடையேறியவர்களின் கையில் காட்ஸில்லா பொம்மைகள் இருந்தன. எனக்கு அதில் உறுத்தல் எதுவும் இல்லை. அந்தப் பொம்மை விற்ற காசுதானே கதவைத் திறந்தே வைத்திருந்தது.

அதே 2024இல் ஹாலிவுட்டிலிருந்து வந்த 'காட்ஸில்லா x காங்' 50 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அதில் காட்ஸில்லா ஓடுகிறது. அத்தோடு எனக்குப் படம் முடிந்துவிட்டது. அங்கே பணத்துக்குக் குறைவில்லை, திறமைக்கும் இல்லை. 2014இல் காரெத் எட்வர்ட்ஸ் எடுத்தபோது எடை நன்றாகவே தெரிந்தது. அடுத்தடுத்த பாகங்களின் அவசரத்தில் அதை இறக்கி வைத்துவிட்டார்கள்.

புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள் 1954 ஜப்பானியப் படத்திலிருந்து தொடங்குங்கள். ரேமண்ட் பர் என்ற நடிகரைப் புகுத்தி, குண்டைப் பற்றிய பேச்சைப் பெருமளவு குறைத்து, 1956இல் அமெரிக்காவில் வெளியிட்ட பதிப்பும் புழக்கத்தில் உண்டு. அது வேண்டாம்.