மூளைக் காயமும் கிளையா வடுவும்: ‘தடை’ என்னும் கருத்தாக்கம் குறித்த மறுஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

மூளையிலோ தண்டுவடத்திலோ காயம் நேரும்போது, கிளையா எனப்படும் துணை உயிரணுக்களும் அவற்றைச் சூழ்ந்த மூலக்கூறுகளும் சேர்ந்து உருவாக்கும் திசு ‘கிளையா வடு’ எனப்படுகிறது. அறுந்த நரம்பிழைகள் மீண்டும் வளராமைக்கு இவ்வடுவே தடை என்னும் கருத்து நெடுங்காலம் நிலவிவந்தது. அக்கருத்து எச்சான்றுகளின்மேல் எழுந்தது, எவ்விடத்தில் சான்றுகளைக் கடந்து சென்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கிளையா, ஆஸ்ட்ரோசைட், வடு, புரோட்டியோகிளைக்கான், நரம்பு மீள்வளர்ச்சி

முன்னுரை

1856ஆம் ஆண்டில் ருடால்ஃப் விர்ச்சோ நரம்பணுக்களுக்கு இடையிலான பொருளுக்கு ‘நியூரோகிளையா’ எனப் பெயரிட்டார். கிளையா என்னும் கிரேக்கச் சொல்லின் பொருள் பசை என்பதாகும். வெறும் ஒட்டுப்பொருளாகக் கருதப்பட்ட இவ்வுயிரணுக்களே காயத்திற்கு முதலில் எதிர்வினை ஆற்றுகின்றன. மைக்ரோகிளையாக்கள் காயத்தை நோக்கி விரைகின்றன. விண்மீன் வடிவ உயிரணுக்களாகிய ஆஸ்ட்ரோசைட்டுகள் பருத்துப் பெருகி, சிதைந்த பகுதியைச் சுற்றி நெருக்கமான எல்லையை அமைக்கின்றன. அவ்வெல்லைக்கு உள்ளே ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளும் இரத்தத்திலிருந்து வந்த தற்காப்பு அணுக்களும் குவிகின்றன. இவை அனைத்தையும் சூழ்ந்த மூலக்கூற்றுப் பின்னலில் காண்ட்ராய்டின் சல்பேட் புரோட்டியோகிளைக்கான்கள் மிகுகின்றன. இவற்றை ஆஸ்ட்ரோசைட்டுகள் மட்டுமன்றிப் பிற உயிரணுக்களும் வெளியிடுகின்றன என்பது இங்குக் கருதத்தக்கது.

தடைக் கருத்தின் சான்றுகள்

1981ஆம் ஆண்டில் சாமுவேல் டேவிட், ஆல்பர்ட் அகுவாயோ ஆகியோர் எலியின் மூளைத்தண்டையும் தண்டுவடத்தையும் புறநரம்புத் துண்டு ஒன்றால் பாலம்போல் இணைத்தனர். மைய நரம்பு மண்டலத்து நரம்பிழைகள் அத்துண்டினுள் நெடுந்தொலைவு வளர்ந்தன. குறை நரம்பணுவில் மட்டும் இல்லை, அதன் சூழலிலும் உள்ளது என்பது இதனால் தெளிவாயிற்று. 1997ஆம் ஆண்டில் ஸ்டீபன் டேவீஸ், ஜெரி சில்வர் உள்ளிட்டோர் முதிர்ந்த உணர்வு நரம்பணுக்களை எலி மூளையின் வெண்பகுதியில் மிக நுட்பமாகப் பதித்தபோது இழைகள் விரைந்து வளர்ந்தன. பதித்த இடத்தில் புரோட்டியோகிளைக்கான்கள் மிகுந்திருந்தபோது வளர்ச்சி நின்றது. 2002ஆம் ஆண்டில் எலிசபெத் பிராட்பரி குழுவினர், அம்மூலக்கூறுகளின் சர்க்கரைச் சங்கிலிகளை அறுக்கும் காண்ட்ராய்டினேஸ் ஏ.பி.சி. என்னும் பாக்டீரிய நொதியைத் தண்டுவடக் காயமுற்ற எலிகளுக்குச் செலுத்தி, இழை வளர்ச்சியையும் இயக்க மீட்சியையும் கண்டனர்.

இம்மூன்றும் வலிமையான சான்றுகள். எனினும் முதலாவது சூழலை மாற்றியது. இரண்டாவது வளர்ச்சி நின்ற இடத்தில் எம்மூலக்கூறு இருந்தது எனக் காட்டியது. மூன்றாவது அம்மூலக்கூற்றைச் சிதைத்தது. இவற்றுள் எதுவும் ஆஸ்ட்ரோசைட்டை நீக்கிப் பார்க்கவில்லை. மூலக்கூற்றின்மேல் நிறுவப்பட்ட குற்றம், ‘வடு’ என்னும் பொதுச்சொல்லின் வழியாக உயிரணுவின்மேலும் ஏற்றப்பட்டது.

உயிரணுவை நீக்கிய ஆய்வுகள்

இவ்வினாவை மைக்கேல் சோஃப்ரோனியூவின் ஆய்வகம் நேரடியாக எதிர்கொண்டது. 1999ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், முன்மூளையில் காயமுற்ற சுண்டெலிகளில் எதிர்வினை ஆற்றும் ஆஸ்ட்ரோசைட்டுகள் அழிக்கப்பட்டன. குருதி–மூளைத் தடுப்பு சீரடையவில்லை, வெள்ளணுக்களின் ஊடுருவல் நீடித்தது, நரம்பணுக்கள் சிதைந்தன. அதே விலங்குகளில் காயத்தை ஒட்டி நரம்பிழைகள் கூடுதலாக முளைத்தன என்பதும் பதிவாகியுள்ளது. ஒரே சோதனை காப்பையும் தடையையும் ஒருங்கே காட்டியிருப்பது, ‘நன்மையா தீமையா’ என்னும் வினாவே பொருத்தமற்றது என்பதை உணர்த்துகிறது. 2004ஆம் ஆண்டின் தண்டுவட ஆய்வில், இவ்வுயிரணுக்களை இழந்த சுண்டெலிகளில் திசுச் சேதம் பரவி இயக்கக் குறைபாடு கூடியது.

2016ஆம் ஆண்டின் ஆய்வும் அதன் வரம்பும்

மார்க் ஆண்டர்சன், சோஃப்ரோனியூ உள்ளிட்டோரின் 2016ஆம் ஆண்டு ஆய்வு மேலும் ஒரு படி சென்றது. கடுமையான தண்டுவடக் காயத்தில் ஆஸ்ட்ரோசைட் வடு உருவாவதைத் தடுத்தபோதும், உருவான வடுவை அகற்றியபோதும் நரம்பிழைகள் தாமாக வளரவில்லை. வளர்ச்சிக் காரணிகள் உரிய முறையில் அளிக்கப்பட்டபோது உணர்வு நரம்பிழைகள் வடுவைக் கடந்தே வளர்ந்தன. வடு இல்லாதபோது அவ்வளர்ச்சி குறைந்தது. புரோட்டியோகிளைக்கான்களிலும் வளர்ச்சியைத் தடுப்பனவும் துணைசெய்வனவும் உண்டு என்பதை அவ்வாய்வு சுட்டியது.

இதனைக் கொண்டு ‘வடு நன்மையே செய்கிறது’ என முடிவுகட்டுவது பழைய பிழையைத் தலைகீழாக்கி மீண்டும் செய்வதாகும். வடு இருந்தாலும் வளர்ச்சிக் காரணிகளின் தூண்டல் தேவைப்பட்டது. மேலும், நொதிச் சோதனையின் முடிவை இவ்வாய்வு மறுக்கவில்லை. அது மூலக்கூற்றைப் பற்றியது, இது உயிரணுவைப் பற்றியது. தண்டுவடத்தில் பெற்ற முடிவை, சேதம் பரவலாக நிகழும் மூளைக் காயங்களுக்கு அப்படியே பொருத்துவதும் ஏற்புடையதன்று. எதிர்வினை ஆஸ்ட்ரோசைட்டுகளை நல்லன, தீயன என இரண்டாகப் பகுக்கும் முறையைக் கைவிட வேண்டும் எனக் கரோல் எஸ்கார்டின் உள்ளிட்ட பல நாட்டு ஆய்வாளர்கள் 2021ஆம் ஆண்டில் கூட்டாக வலியுறுத்தியதும் இங்கு நினைக்கத்தக்கது.

கலைச்சொல் சிக்கல்

தமிழில் ‘வடு’ என்பதற்குத் தழும்பு என்பதோடு குற்றம், பழி என்னும் பொருள்களும் உண்டு. எனவே ‘கிளையா வடு’ என்னும் ஆக்கம் சான்றுக்கு முன்பே தீர்ப்பை வழங்கிவிடுகிறது. சுற்றி நிற்கும் உயிரணு வரிசையை ‘ஆஸ்ட்ரோசைட் எல்லை’ என்றும், நடுவே அமையும் ஃபைப்ரோபிளாஸ்ட் பகுதியை ‘நார்த்திசு நடுவம்’ என்றும், மூலக்கூற்றுத் தொகுதியைப் ‘புறப்பின்னல்’ என்றும் பிரித்து வழங்குதல் பாடநூல்களுக்கும் ஆய்வேடுகளுக்கும் தெளிவு தரும்.

நிறைவுரை

தடைக் கருத்து முற்றிலும் பொய்யன்று. அது தன் சான்றின் எல்லையைக் கடந்ததே குறை. இக்குறை சொல்லளவில் நிற்பதன்று. வடு முழுவதையும் பகையாகக் கொள்ளும் மருத்துவம், எஞ்சிய நரம்பணுக்களைக் காக்கும் எல்லையையும் சேர்த்து அழிக்க நேரிடும். எல்லையைப் பேணிக்கொண்டே புறப்பின்னலின் தடைக் கூறுகளை மட்டும் உரிய இடத்தில், உரிய காலத்தில் தளர்த்துவதும், நரம்பிழைக்கு வளர்ச்சித் தூண்டல் அளிப்பதும் இணைந்து நிகழவேண்டும் என்பதே மேற்கண்ட சான்றுகளால் பெறப்படும் முடிபாகும்.