சிதம்பரத்தில் வளர்ந்தது எது? கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு பார்வை

கல்லூரி விழா மலர்களில் கதை எப்பவும் ஒரே மாதிரிதான். முதல் பக்கத்தில் நிறுவனர் படம். அடுத்து, சிறு விதை ஆலமரமான வாழ்த்துரை. கட்டடங்கள் கூடும், துறைகள் கூடும், ஒரு நாள் கல்லூரி பல்கலைக்கழகமாகிவிடும். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கதையையும் பெரும்பாலும் இப்படித்தான் சொல்கிறார்கள். படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் தேதிகளை வரிசையாக எடுத்து வைத்தால் கதை கொஞ்சம் இடிக்கிறது.

1920ல் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் ஸ்ரீ மீனாட்சி கல்லூரியைத் தொடங்குகிறார். அதையொட்டித் தமிழுக்கும் சம்ஸ்கிருதத்துக்கும் தனிக் கல்லூரிகள் வருகின்றன. இந்த நிறுவனங்களோடு 20 லட்சம் ரூபாயும் தர அவர் முன்வர, 1928ல் சட்டம் வருகிறது, 1929ல் பல்கலைக்கழகம். மொத்தம் ஒன்பது வருஷம். ஒன்பது வருஷத்தில் எந்த ஆலமரமும் வளராது.

சரி, தரம் வளர்ந்ததா? ஆட்களைப் பாருங்கள். மீனாட்சி கல்லூரியின் முதல்வராக இருந்தவர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி. தமிழ்க் கல்லூரிக்கு 1924 முதல் 1927 வரை முதல்வர் உ.வே. சாமிநாதையர். 'சின்னக் கல்லூரி'யாக இருக்கும்போதே இவ்வளவு பெரிய ஆட்கள்! வேடிக்கை என்னவென்றால், கல்லூரி பல்கலைக்கழகமான அதே 1929ல்தான் சாஸ்திரி அங்கிருந்து கிளம்பி சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியராகிறார்.

அப்படியானால் 1929ல் மாறியது என்ன? என் கணக்கில் ஒன்றே ஒன்றுதான்: கேள்வித்தாளை யார் போடுவது என்பது. 1928 வரை மீனாட்சி கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி. பாடத்திட்டம் அங்கே, தேர்வு அங்கே, பட்டம் அங்கே. பாடம் நடத்துவது மட்டும் இங்கே. நம்ம பாஷையில் சொன்னால், கோடு படிக்கலாம், மாற்ற முடியாது. 1929ல் அந்த உரிமை சிதம்பரத்துக்குக் கிடைத்தது.

அந்த உரிமையை அவர்கள் நன்றாகவே பயன்படுத்தினார்கள், சும்மா சொல்லக்கூடாது. 1931ல் மட்டக்களப்பிலிருந்து சுவாமி விபுலாநந்தரைத் தமிழ்ப் பேராசிரியராகக் கூட்டி வந்தார்கள். பிறகு நாவலர் சோமசுந்தர பாரதியார் வந்தார். இசையைப் பாடமாக வைத்தார்கள். தமிழிசை இயக்கத்துக்குச் சிதம்பரம் ஒரு மையமானது. கும்பகோணத்தில் பள்ளித் தமிழாசிரியராக இருந்த சதாசிவ பண்டாரத்தார் பிற்பாடு இங்கே வந்து சேர்ந்தார்; அவருடைய 'பிற்காலச் சோழர் சரித்திர'த்தை வெளியிட்டதும் இந்தப் பல்கலைக்கழகம்தான். பக்கத்து ஊர் ஆசிரியரின் கல்வெட்டு ஆராய்ச்சி ஒரு பல்கலைக்கழகத்தின் சொத்தாவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

விழா மலர்கள் தாண்டிப்போகிற இடம் இனிமேல்தான். அந்த உரிமை சிதம்பரம் வளாகத்தின் மதில்சுவரோடு நின்றுவிட்டது.

காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. கல்கத்தா பல்கலைக்கழகத்தைப் பற்றி 1917-19ல் விசாரித்த சாட்லர் கமிஷன், ஊர் ஊராகக் கல்லூரிகளை இணைத்துத் தேர்வு மட்டும் நடத்துகிற பல்கலைக்கழகங்களைக் கடுமையாக விமர்சித்தது. ஒரே வளாகத்தில் தங்கிப் படிக்கிற, அங்கேயே பாடம் நடத்துகிற பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்றது. 1921ல் டாக்கா அப்படித்தான் வந்தது. அண்ணாமலையும் அதே வார்ப்பு. வெளியூர்க் கல்லூரிகள் எதையும் சேர்த்துக்கொள்ளாத பல்கலைக்கழகம். கொள்கையாகப் பார்த்தால் நியாயமானதுதான். ஆனால் சிதம்பரமும் கள்ளக்குறிச்சியும் அன்றைக்கு ஒரே தென்னாற்காடு மாவட்டம். மாவட்டத்துக்குள்ளேயே பல்கலைக்கழகம் இருந்தும், மற்ற ஊர்களில் பின்னால் வந்த கல்லூரிகள் சென்னையைத்தான் பார்த்து நின்றன. கல்வராயன் மலையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அங்கே 1976 வரை ஜாகீர் முறையே நீடித்தது.

1979ல் தொலைதூரக் கல்வி வந்தபோது அந்த மதில் கொஞ்சம் தாழ்ந்தது. அஞ்சல் வழியில் பட்டம் வாங்கி அரசு வேலைக்குப் போனவர்கள் வடமாவட்டங்களில் எத்தனையோ பேர். இதைக் கேலி செய்கிறவர்கள் மலையிலிருந்து பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போய்ப் பார்த்ததில்லை. ஆனால் அந்த விரிவுக்குக் கணக்குக் கேட்க ஆள் இல்லை. இணைவேந்தர் பதவி சட்டப்படியே நிறுவனர் குடும்பத்தின் வாரிசுரிமை. ஊழியர் எண்ணிக்கை தாங்க முடியாத அளவு ஏறி, சம்பளம் போடவே திணறி, 2013ல் அரசு எடுத்துக்கொண்டது. உபரி ஊழியர்களை மாநிலம் முழுக்க அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் பிரித்து அனுப்பினார்கள். 2022ல் யுஜிசி, 2014-15க்குப் பிறகு இந்தத் தொலைதூரப் படிப்புகளுக்குத் தன் அங்கீகாரம் இல்லை என்று அறிவித்தது. நடுவில் சேர்ந்து பணம் கட்டிப் படித்தவர்தான் இதில் மாட்டிக்கொண்டவர்.

இதற்கிடையில் கள்ளக்குறிச்சிக் கல்லூரிகள் எங்கெங்கோ அலைந்தன. சென்னையிலிருந்து வேலூர்த் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்துக்கு. 2021 தொடக்கத்தில் விழுப்புரத்தில் புதிதாகத் தொடங்கிய ஜெயலலிதா பல்கலைக்கழகத்துக்கு. ஆட்சி மாறியதும் அதே வருஷம் ஆகஸ்டில் அதைக் கலைத்து, கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, மயிலாடுதுறை மாவட்டக் கல்லூரிகளைச் சிதம்பரத்தோடு இணைத்தார்கள். பேரவையில் சண்டை முழுக்க யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் போகிறது என்பதைப் பற்றித்தான். சர்வரை மூன்று முறை மாற்றினார்கள். பயனருக்கு ஸ்கிரீனில் ஒன்றும் மாறவில்லை.

92 வருஷம் கழித்துப் பல்கலைக்கழகம் கள்ளக்குறிச்சிக்கு வந்த விதம் இது. இணைவு வேண்டாம் என்ற கொள்கையில் பிறந்த நிறுவனம் இன்றைக்கு இணைப்புப் பல்கலைக்கழகம். 1928ல் சிதம்பரம் மீனாட்சி கல்லூரி சென்னைக்கு எப்படி இருந்ததோ, அப்படியே இன்று கள்ளக்குறிச்சி அரசுக் கல்லூரி சிதம்பரத்துக்கு இருக்கிறது. எந்த நிலையிலிருந்து வெளியே வருவதற்காகச் செட்டியார் 20 லட்சம் கொடுத்தாரோ, அதே நிலை.

இதற்கு மாவட்டத்துக்கு ஒரு பல்கலைக்கழகம் என்று சிலர் தீர்வு சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. துணைவேந்தர், பதிவாளர், ஒரு நிர்வாகக் கட்டடம் என்று செலவு அங்கேயே முடிந்துவிடும். லயோலா மாதிரியான கல்லூரிகள் 1978லேயே தன்னாட்சி வாங்கி, பல்கலைக்கழகம் ஆகாமலே பாடத்திட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டன. முழுத் தன்னாட்சி கூட இப்போதைக்கு வேண்டாம். ஒரு செமஸ்டருக்கு ஒரு தாள், அதைக் கல்லூரியே எழுதி, கல்லூரியே திருத்தட்டும். சட்டத் திருத்தம் எதுவும் வேண்டியதில்லை. கல்விக் குழு ஒரு தீர்மானம் போட்டால் போதும்.

அந்தத் தாளில் என்ன வைக்கலாம் என்பதற்கும் பஞ்சமில்லை. மலையாளி மக்களின் பேச்சு வழக்கு, கதைகள், சாமிகள். மூன்று ஜாகீர்களின் வரிவசூல். வெள்ளிமலைச் சந்தை. 2024 விஷச் சாராயச் சாவுகளுக்குப் பிறகு உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்து, மலையில் ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளி எந்த நிலையில் இருக்கின்றன என்று அரசைக் கேட்டது. பதிலை வெளியிலிருந்து போன அதிகாரிகள் தயாரித்தார்கள். அந்த மலையிலிருந்து இறங்கி வந்து வரலாறோ பொருளியலோ படிக்கிற மாணவர்கள் கள்ளக்குறிச்சிக் கல்லூரியில் இருக்கிறார்கள்.