கடிகாரமும் கூலியும்

ஊசலின் அலைவு நேரத்தை இயற்பியல் துல்லியமாகக் கணக்கிட்டுத் தரும். ஆனால், ஆலைக்குப் பத்து நிமிடம் தாமதமாக வந்தவரின் கூலியில் பிடித்தம் செய்யும் வழக்கம் எவ்வாறு வேரூன்றியது என்பதை அது கூறாது. அதை ஆராய்ந்தவர் ஒரு வரலாற்றாசிரியர். இங்கிலாந்தில் வார்விக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஈ. பி. தாம்சன்.

காலத்தையும் உழைப்புக் கட்டுப்பாட்டையும் பற்றிய அவருடைய கட்டுரை 1967இல் வெளிவந்தது. மடகாஸ்கரில் சோறு வேகும் நேரம் என்றால் ஏறத்தாழ அரை மணி. அங்கே வேலை காலத்தை அளந்தது. ஆலையிலோ காலம் வேலையை அளந்தது. 1700ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்ட கிரௌலி இரும்பாலையின் விதிநூல், கண்காணிப்பாளரின் கடிகாரமே கணக்கு என்றது. நாளடைவில் தொழிலாளரும் மணிக்கணக்கைக் கற்றனர்; அதைக் கொண்டே வேலைநேரத்தைக் குறைக்கப் போராடினர். 1847இல் ஜவுளி ஆலைகளின் பெண்களுக்கும் இளையோருக்கும் பத்து மணி நேரச் சட்டம் கிடைத்தது.

கட்டுரையில் குறையும் உண்டு. ஆலைகள் தோன்றுமுன்பே கடிகார நேரம் இங்கிலாந்து மக்களிடையே பரவியிருந்ததை கிளென்னி, திரிஃப்ட் ஆகிய இருவரின் 2009ஆம் ஆண்டு நூல் சான்றுகளுடன் காட்டுகிறது. எனவே, ஆலைக்கு தாம்சன் அளவுக்கு மீறிய பங்கை அளித்துவிட்டார் எனலாம்.

ஆயினும் அவர் எழுப்பிய வினா பழுதாகவில்லை. இன்று அலுவலக வாயிலில் விரல்ரேகைக் கருவி இருக்கிறது. உணவு கொண்டு செல்லும் இளைஞரின் நிமிடங்களைக் கைபேசி எண்ணுகிறது. கருவி எப்படி இயங்குகிறது என்று கேட்பது அறிவியல். அது யாருடைய கணக்குக்காக இயங்குகிறது என்று கேட்க வரலாறு கற்றுத் தருகிறது. மாணவருக்கு இரண்டு கேள்விகளும் வேண்டும்.