கோடாரிக் கிழவருக்கு ஒரு ஜே!

கிலியஸ் தண்டர்ஹெட் என்ற கிழவரை எனக்கு அப்படிப் பிடிக்கும். ஆள் இடுப்பளவு உயரம்தான். அதில் பாதியை வெள்ளைத் தாடி பிடித்துக்கொள்ளும். தலையில் கொம்பு வைத்த இரும்புத் தொப்பி, கையில் ஒரு முரட்டுக் கோடாரி. ஓடி வந்து எதிரியைத் தலையால் ஒரு முட்டு முட்டுவார் பாருங்கள், மலைபோல் நிற்கிற தடியன்கூட மல்லாந்து விழுவான். சேகா நிறுவனம் 1989இல் கொண்டுவந்த ‘கோல்டன் ஆக்ஸ்’ ஆட்டத்தில் நாம் தேர்ந்தெடுக்கக்கூடிய மூன்று பேரில் இவர் ஒருவர். மற்ற இருவரும் சினிமா போஸ்டருக்கென்றே பிறந்தவர்கள். வெற்று மார்போடு வாள் ஏந்திய ஆக்ஸ் பேட்லர். சிவப்பு உடையில் நெருப்பை ஏவும் அமேசான் வீராங்கனை டைரிஸ் ஃப்ளேர். ஆட்டத்தைப் புதிதாகத் தொடுகிறவர்கள் இந்த இருவரில் ஒருவரைத்தான் எடுப்பார்கள். எடுக்கட்டும். கிழவர் எங்கும் போய்விட மாட்டார்.

இந்த ஆட்டம் முதலில் காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரத்துக்காகச் செய்யப்பட்டது. செய்தவர் மகோட்டோ உச்சிடா. அதற்கு முந்தைய வருடம்தான் கல்லறையிலிருந்து எழுந்து மிருகமாக மாறும் வீரனை வைத்து ‘ஆல்டர்ட் பீஸ்ட்’ செய்து முடித்திருந்தார். அப்போது ஆர்கேட் கூடங்களில் ‘டபுள் டிராகன்’ கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தது: நகரத்துத் தெரு, ரவுடிக் கும்பல், இரண்டு சகோதரர்களின் கைச்சண்டை. அதே அடிதடியைத் தெருவிலிருந்து பிடுங்கி, ‘கோனன் த பார்பேரியன்’ படத்தின் வாள், மந்திரம், மலை, மண்டையோடு எல்லாம் உள்ள உலகத்தில் நட்டுவிட்டார் உச்சிடா. அதே 1989 டிசம்பரில் ஜப்பானில் மெகா டிரைவ் கன்சோலுக்கும் ஆட்டம் வந்துவிட்டது. ஆர்கேட் பலகையிலும் சரி, மெகா டிரைவிலும் சரி, மூளையாக இருந்தது 68000 என்ற அதே வகைச் சில்லு. அதனால் வீட்டுக்கு வந்த ஆட்டம் கைகால் முறியாமல் வந்து சேர்ந்தது. நிறம்தான் கொஞ்சம் வெளுத்துவிட்டது. மெகா டிரைவால் ஒரே நேரத்தில் 64 நிறங்களுக்கு மேல் சாதாரணமாகக் காட்ட முடியாது. எனக்கு அந்த வெளுப்பும் பிடித்துத்தான் இருக்கிறது.

நான் ஆடுவது 2019இல் வந்த மெகா டிரைவ் மினியில். உள்ளங்கையில் அடங்கும் பெட்டிக்குள்ளேயே ஆட்டங்கள் ஏற்றி வருகிற அந்தச் சின்னச் சாதனம்தான். எனக்கும் அண்ணன் மகனுக்கும் ஆளுக்கொரு கன்ட்ரோலர்.

கதையை இரண்டு மூச்சில் சொல்லிவிடலாம். யூரியா என்ற நாடு. டெத் ஆடர் என்ற அரக்கன் அதன் மன்னரையும் இளவரசியையும் பிடித்துவைத்துக்கொண்டு, நாட்டின் மந்திரப் பொருளான பொற்கோடாரியையும் கைப்பற்றி, தன்னை அரசனாக ஏற்காவிட்டால் எல்லாவற்றையும் ஒழித்துவிடுவதாக மிரட்டுகிறான். மூன்று நாயகர்களுக்கும் அவனோடு சொந்தக் கணக்கு உண்டு. ஆக்ஸ் பேட்லரின் தாய், டைரிஸின் பெற்றோர், கிலியஸின் இரட்டைச் சகோதரர் எல்லாரும் அவன் தரப்பால் கொல்லப்பட்டவர்கள். ஆட்டம் தொடங்கும்போதே அலெக்ஸ் என்ற நண்பன் நாயகர்களிடம் நடந்ததைச் சொல்லிவிட்டுச் செத்துப்போகிறான். அவ்வளவுதான், வாளை உருவு! மணிக்கணக்கில் உட்காரவைத்துக் கதாகாலட்சேபம் பண்ணும் இன்றைய ஆட்டங்கள் இந்தச் சிக்கனத்தைக் கொஞ்சம் கற்றுக்கொண்டால் தேவலை.

மூன்று பொத்தான்கள். ஒன்று மந்திரம், ஒன்று அடி, ஒன்று குதி. இந்த மூன்றை வைத்துக்கொண்டு செய்யக்கூடியதைப் பாருங்கள். திசைப் பொத்தானை இருமுறை தட்டினால் ஓட்டம். ஓட்டத்தில் அடித்தால் ஆளுக்கு ஏற்ற மோதல்: டைரிஸ் பறந்து உதைப்பாள், ஆக்ஸ் உடம்பால் இடிப்பான், நம் கிழவர் தலையால் முட்டுவார். ஓடிக் குதித்து வாளைக் கீழ்நோக்கிச் செருகலாம். நெருங்கிவிட்டால் ஆயுதத்தின் பிடியாலேயே மண்டையில் நொங்கு நொங்கென்று போடலாம், தூக்கி எறியவும் செய்யலாம். அடியையும் குதியையும் சேர்த்து அழுத்தினால் பின்னால் நிற்பவனுக்கு ஒரு வெட்டு. இதைக் கிலியஸ் தரையில் உருண்டபடி செய்வார். இரண்டு பேர் நடுவில் சிக்கிக்கொண்ட நேரத்தில் அந்த உருளல் எத்தனை முறை என்னைக் காப்பாற்றியிருக்கிறது!

இத்தனைக்கும் மேல் ஒரு குரூரமான இன்பம் உண்டு. பல இடங்களில் தரை திடீரென்று முடிந்து பள்ளம் தொடங்கும். எதிரிகள் நம்மை இடிக்க ஓடிவருவார்கள். நாம் விளிம்பருகே நின்று, கடைசி நொடியில் ஓரடி மேலே நகர்ந்துகொண்டால் போதும். வந்த வேகத்திலேயே அலறிக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். அந்த அலறல் இருக்கிறதே, முப்பது வருடத்துக்கு முந்தைய ஆட்டத்திலிருந்து கரகரவென்று வரும் அந்தக் குரலைக் கேட்பதற்காகவே நான் சில எதிரிகளை அடிக்காமல் விளிம்புக்குக் கூட்டிப் போவேன்.

இனி மந்திரத்துக்கு வருகிறேன். என் கிழவர் பக்தியின் வேர் இங்கேதான் இருக்கிறது. சின்னச் சின்ன நீலக் குப்பிகளைச் சேர்த்தால் மந்திரம் ஏறும். டைரிஸால்தான் அதிகம் சேர்க்க முடியும். கிலியஸுக்குத்தான் குறைவு. ஆக்ஸ் நடுவில். டைரிஸின் உச்ச மந்திரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு டிராகனின் தலை திரையை அடைத்துக்கொண்டு வந்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நெருப்பைக் கக்கும். 1989இல் ஒரு வீட்டுத் தொலைக்காட்சியில் இதைப் பார்த்தவர்கள் எப்படி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்களோ! ஆக்ஸுக்கு நிலத்தைப் பிளக்கும் வெடிப்புகள். கிலியஸுக்கு மின்னல்.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. மந்திரப் பொத்தானை அழுத்தினால் கையிருப்பு முழுவதும் ஒரே வீச்சில் போய்விடும். கொஞ்சம் செலவழித்துக் கொஞ்சம் மிச்சம் பிடிக்கும் வழியே கிடையாது. இரண்டாம் பாகத்தில்தான் அளவு பார்த்து ஏவும் வசதி வந்தது. அதனால் டைரிஸை ஆடுகிறவர்கள் எல்லாரும் கஞ்சர்களாகிவிடுகிறார்கள். டிராகன் வேண்டுமே! இன்னும் இரண்டு குப்பி, இன்னும் ஒரு குப்பி என்று பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டு, அதைக் காட்டாமலேயே செத்துப் போவார்கள். கிலியஸுக்கு அந்தத் தவிப்பே இல்லை. சட்டென்று நிரம்பும், சட்டென்று வீசுவார், மறுபடி கோடாரியை ஓங்குவார். வருகிற சண்டையை வருகிறபடி முடிக்கிற ஆள். மந்திரத்தில் அவருக்குக் குறைத்துக் கொடுத்ததைக் கைவீச்சில் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று பேரும் ஒரே உடம்புக்கு மூன்று சட்டை என்று நினைத்துவிடாதீர்கள். ஆளை மாற்றினால் ஆடுகிற மனநிலையே மாறிவிடும். இத்தனை சின்ன ஆட்டத்துக்குள் இதைச் செய்த உச்சிடாவுக்கு ஒரு கும்பிடு.

குப்பிகள் எங்கிருந்து வருகின்றன? மூட்டை தூக்கித் திரியும் குட்டித் திருடர்களிடமிருந்து. சண்டைக்கு நடுவே தத்தித் தத்தி ஓடுவார்கள். உதைத்தால் குப்பி உதிரும். பச்சை உடைக்காரனை உதைத்தால் இறைச்சித் துண்டு உதிரும், தின்றால் உயிர் ஏறும். கட்டங்களுக்கு இடையில் இரவு. நாயகர்கள் நெருப்பு மூட்டிப் படுத்திருக்கும்போது அதே பொடியன்கள் வந்து நம் குப்பிகளைத் திருடிக்கொண்டு ஓட, நாம் எழுந்து துரத்தித் துரத்தி உதைக்க வேண்டும். அரக்கனை எதிர்த்துப் புறப்பட்ட மாவீரர்கள் அரைத்தூக்கத்தில் குட்டித் திருடன் பின்னால் ஓடுகிற காட்சியைவிட எனக்குப் பிடித்த இடைவேளை எந்த ஆட்டத்திலும் இல்லை.

சவாரி மிருகங்களையும் சொல்லியாக வேண்டும். எதிரிகள் அவற்றின்மேல் ஏறி வருவார்கள். ஆளைத் தள்ளிவிட்டு நாம் ஏறிக்கொள்ளலாம். ஒன்று அலகும் வாலுமாக ஏதோ விசித்திரப் பிராணி, வாலைச் சுழற்றி அடிக்கும். ‘ஆல்டர்ட் பீஸ்ட்’டில் எதிரியாக வந்த அதே பிராணிதான், இங்கே வேலை மாற்றம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறது. மற்ற இரண்டும் டிராகன்கள். நீலம் அருகிலிருப்பவர்மேல் நெருப்பை ஊதும், சிவப்பு தூரத்துக்கு நெருப்புப் பந்து துப்பும். நம்மைத் திரும்பத் திரும்பக் கீழே தள்ளினால் மிருகம் வெறுத்துப்போய் ஓடிவிடும்.

பயணப் பாதையும் சாமானியமானதல்ல. இரண்டாவது கட்டத்தில் ஒரு கிராமம். ஊர்மக்கள் அலறிக்கொண்டு ஓடுகிறார்கள். அந்தக் கிராமம் இருப்பதோ கடலைக் கடந்துகொண்டிருக்கும் ஒரு மாபெரும் ஆமையின் முதுகில்! பிறகு ஒரு ராட்சதக் கழுகின் முதுகு. காலடியில் இறகுகள், அதன்மேல் நின்று வாள்சண்டை. யோசித்தவரின் தைரியத்தை என்னவென்பது!

இருவராக ஆடினால்தான் இந்த ஆட்டத்தின் முழு ருசியும் தெரியும். நம் ஆயுதம் கூட்டாளியையும் வெட்டும். அண்ணன் மகன் எப்போதும் டைரிஸ், நான் எப்போதும் கிழவர். “அத்தை, நீங்க என்னையே வெட்டுறீங்க!” என்பான். “நீ ஏன்டா குறுக்க வர்ற?” என்பேன். அடுத்த குப்பித் திருடன் வந்ததும் யார் குப்பியை யார் பொறுக்குவது என்று புதுச் சண்டை. அவனுக்கு டிராகனுக்குக் குப்பி வேண்டும். எனக்கு எதுவும் வேண்டாம்தான், ஆனாலும் பொறுக்குவேன். திரையில் டெத் ஆடரின் ஆட்கள் பொறுமையாக எங்களை அடித்துக்கொண்டிருப்பார்கள்.

குறை இல்லையா? உண்டு. கை பழகிவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒரே முகங்கள் வேறு நிறத்தில் திரும்பத் திரும்ப வரும், பலம் மட்டும் ஏறியிருக்கும். போகட்டும். மெகா டிரைவ் பதிப்பில் டெத் ஆடர் விழுந்த பிறகு டெத் பிரிங்கர் என்று இன்னொருவனைச் சேர்த்து ஒரு கட்டத்தை நீட்டினார்கள். எலும்புக்கூடுகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு அவன் கொடுக்கும் தொல்லை சொல்லி மாளாது. ஆனால் அதற்காக ஆர்கேட் பதிப்பின் முடிவை விட்டுக்கொடுத்தார்களே என்பதுதான் என் ஆற்றாமை. அங்கே சிறுவர்கள் ஒரு கூடத்தில் கோல்டன் ஆக்ஸ் ஆடிக்கொண்டிருக்க, இயந்திரம் கோளாறாகி எதிரிகள் தெருவுக்கு ஓடிவருவார்கள், பின்னாலேயே நம் மூவரும் துரத்திக்கொண்டு ஓடுவார்கள்.

தொடர்பாகங்களைப் பற்றி அதிகம் கேட்காதீர்கள். 1991இல் வந்த இரண்டாம் பாகம் முதலதையே திரும்ப உடுத்திக்கொண்டது. 1993இன் மூன்றாம் பாகத்தில் கிலியஸாக ஆடவே முடியாது. 2008இல் வந்த ‘பீஸ்ட் ரைடர்’ டைரிஸுக்கு மட்டுமே இடம் கொடுத்தது. 1992இன் ஆர்கேட் தொடர்ச்சியான ‘ரிவெஞ்ச் ஆஃப் டெத் ஆடர்’ஐ மட்டும் மன்னிக்கலாம். அதில் கோவா என்ற பூதாகாரனின் முதுகில் கிழவரை ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

ஆடிப் பார்க்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. ‘பிகினர்’ என்று எழுதியிருப்பதை நம்பி உள்ளே போகாதீர்கள். அது மூன்றாவது கட்டத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிடும், கழுகைப் பார்க்கவே முடியாது. நேராக ‘ஆர்கேட்’ முறைக்குப் போங்கள். கிழவரை எடுங்கள். முதல் திருடன் வந்ததும் உதையுங்கள்.